மகளுக்கு எச்பிவி தடுப்பூசி: பெற்றோரின் முடிவு எங்கே உருவாகிறது?

பிறந்த குழந்தைக்கு பிசிஜி போடும்போது எந்தத் தாயும் "இது எதுக்கு?" என்று கேட்பதில்லை. போலியோ சொட்டு மருந்து நாளில் பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டால்கூட நின்று, குழந்தையின் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறோம். அதே பெற்றோர், மகள் எட்டாம் வகுப்புக்கு வந்ததும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசிக்கான ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். சிலர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். சிலர் "அவங்கப்பா வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்கிறார்கள். இன்னும் சிலர் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், அது அங்கேயே கிடக்கிறது.

இந்த மூன்று வீடுகளுக்கும் இடையே என்ன வேறுபாடு? படிப்பு என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் படிப்பிலும் மருத்துவ வசதியிலும் முன்னணியில் இருக்கும் ஜப்பானிலும் டென்மார்க்கிலும் இந்தத் தடுப்பூசியைப் பெற்றோர் கூட்டம் கூட்டமாகக் கைவிட்ட காலம் உண்டு. மலைக்கிராமங்கள் நிறைந்த சிக்கிமில் ஏறக்குறைய எல்லாப் பெற்றோரும் ஒப்புக்கொண்டார்கள். பெற்றோரிடம் முதலில் பேசியது யார், அவர்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைத்ததா, ஊசி எட்டும் தூரத்தில் இருந்ததா என்ற மூன்றைப் பார்த்தால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் அடிப்படை. எச்பிவி என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் கைகால்களில் மரு உண்டாக்குவதோடு சரி. சில வகைகள் பாலுறவின் வழியே பரவி, பிறப்புறுப்புப் பகுதியில் தங்குகின்றன. பாலுறவு வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்து போகும். கணவர் ஒருவரைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். சிலருடைய உடலில் போகாமல் தங்கிவிட்டால், 15, 20 ஆண்டுகள் கழித்துக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயாக மாறலாம். இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் 1,27,000க்கும் அதிகமான பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். முன்கூட்டியே தடுக்க வழி தெரிந்த ஒரு புற்றுநோயில் இத்தனை சாவு என்பதுதான் என்னால் ஜீரணிக்க முடியாத விஷயம்.

வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன்பே ஊசி போட்டால்தான் முழுப் பலன். சிறு வயதில் உடலின் எதிர்ப்புச் சக்தியும் கூடுதலாக உருவாகிறது. அதனால்தான் 9 முதல் 14 வயது என்று சொல்கிறார்கள். சுவீடனில் 16 லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2020இல் வெளியான ஆய்வில், 17 வயதுக்குள் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவது 88 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்காட்லாந்தில் 2008இல் திட்டம் தொடங்கியபின் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

இவ்வளவு நல்ல மருந்துக்கு ஏன் தயக்கம்? தட்டம்மை ஊசி போடும்போது நோய் பக்கத்துத் தெருவில் இருக்கிறது, குழந்தைக்கு நாளைக்கே வரலாம் என்ற பயம் இருக்கிறது. இங்கே மகளுக்கு வயது 13. நோய் வந்தால் அவளுக்கு 40, 45 வயது இருக்கும். கண்ணெதிரே ஆரோக்கியமாக ஓடியாடும் பெண்ணுக்கு, முப்பது வருடம் கழித்து வரக்கூடிய ஒன்றுக்காக இன்றைக்கு ஊசி குத்த வேண்டும். ஊசியால் ஏதாவது ஆனால் இன்றே தெரியும், குற்ற உணர்வும் இன்றே வரும். ஊசியால் கிடைக்கும் நன்மையோ ஒருநாளும் கண்ணுக்குத் தெரியாது. வராத நோய்க்கு யாரும் நன்றி சொல்வதில்லை. இந்தக் கணக்கு மனதுக்குள் நடக்கும்போது, "இப்போதைக்கு வேண்டாம்" என்பது பாதுகாப்பான பதிலாகத் தோன்றுவது இயல்புதான்.

இதே காரணத்தால்தான் குடும்பத்தில் யாரையாவது இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. பெரியம்மாவோ அத்தையோ ரேடியேஷனுக்காக மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்த வீட்டில் அந்த முப்பது வருடத் தூரம் சுருங்கிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒன்று தடுப்பூசித் தயக்கத்தை மூன்று வேர்களாகப் பிரித்தது: ஊசியின்மீதும் போடுபவர்மீதும் நம்பிக்கை இல்லாமை, நோய் நம்மை அண்டாது என்ற மெத்தனம், ஊசி கிடைப்பதில் உள்ள சிரமம். இந்தப் பிரிவு உதவியாக இருக்கிறது, ஆனாலும் நம் ஊரில் மூன்றாவதற்குக் கொடுக்கவேண்டிய கனத்தை நாம் கொடுப்பதில்லை என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முதலிடத்தில் வரும் காரணம் மிகவும் சாதாரணமானது: "டாக்டர் போடச் சொன்னார்." போடாத பெற்றோரிடம் கேட்டால், "யாரும் சொல்லவில்லை" என்பது அடிக்கடி வரும் பதில். எதிர்த்து வாதாடுகிறவர்கள் இவர்களில் சிறு பகுதிதான்.

சொல்லும் விதத்துக்கும் பலம் உண்டு என்பதை அமெரிக்காவின் வட கரோலினாவில் 30 கிளினிக்குகளில் நடந்த ஆய்வு காட்டியது. ஒரு பகுதி மருத்துவர்களுக்கு, "உங்கள் மகளுக்கு 12 வயது ஆகிறது, இன்று இந்தத் தடுப்பூசிகளைப் போட்டுவிடலாம்" என்று நேரடியாக அறிவித்துவிட்டு, கேள்வி வந்தால் பதில் சொல்லப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பகுதி மருத்துவர்களுக்கு, "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று உரையாடலைத் தொடங்கப் பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அறிவித்த கிளினிக்குகளில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், பயிற்சியே கொடுக்கப்படாத கிளினிக்குகளைவிட 5.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக உயர்ந்திருந்தார்கள். உரையாடிய கிளினிக்குகளில் பெரிய மாற்றம் இல்லை. 2017இல் வெளியான முடிவு இது. மருத்துவரே தயங்கித் தயங்கிப் பேசினால், இதில் ஏதோ சந்தேகம் இருக்கிறது என்று பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் டாக்டர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பைப் பார்த்தால், இது இன்னும் சுலபமாக நடந்திருக்க வேண்டும். நடக்காததற்கு ஒரு எளிய காரணம்: ஐந்து வயதுத் தடுப்பூசி முடிந்தபின் நம் பிள்ளைகள் உடம்பு சரியாக இருக்கும்போது டாக்டரைப் பார்ப்பதே இல்லை. காய்ச்சல் என்று போனால், காய்ச்சலுக்கு மருந்து எழுதிக்கொண்டு வருகிறோம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிடம் பார்க்கும் இடத்தில் எச்பிவி பற்றிப் பேச்செடுக்க இருவருக்கும் நேரம் இல்லை. 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி போடும் வழக்கம் ஏற்கெனவே பள்ளிகளில் இருக்கிறது. எச்பிவிக்கும் பள்ளிதான் சரியான வாசல் என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் கேட்ட ஒரு பேச்சை இங்கே சொல்ல வேண்டும். வந்திருந்த பெண் மருத்துவர் பத்து நிமிடம் பேசி முடித்ததும் "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார். அறை அமைதியாக இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்த ஓர் அம்மா மட்டும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டு, மெதுவாக எழுந்தார்.

"டாக்டரம்மா, புள்ள இப்பத்தான் ஆறு மாசம் முன்னாடி வயசுக்கு வந்தா. இந்த ஊசிய போட்டா நாளைக்குக் கல்யாணம் ஆகி, கொழந்த உண்டாவுறதுல ஏதாச்சும் கோளாறு வருமா? எங்க நாத்தனார் போன்ல அப்படித்தான் வந்துச்சாம்."

"நல்ல கேள்விம்மா, உக்காருங்க. ஊசியால அப்படி எதுவும் வராது. கர்ப்பப்பை வாயில கேன்சர் வந்தா சில நேரம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். அந்த நெலம வரக்கூடாதுன்னுதான் இந்த ஊசி."

அந்த அம்மா உட்காரவில்லை. "உங்க பொண்ணுக்குப் போட்டிருக்கீங்களா டாக்டரம்மா?"

"போட்டாச்சும்மா. பெரியவளுக்குப் பதிமூணு வயசுல போட்டேன். சின்னவளுக்கு இந்த வருஷம்."

அதன்பிறகுதான் அறையில் மற்றவர்கள் வாயைத் திறந்தார்கள். மாதவிடாய் நாளில் போடலாமா, ஆஸ்துமா இருந்தால் என்ன, காய்ச்சல் வந்தால் பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேள்விகள் வரிசையாக வந்தன. பத்து நிமிட உரையால் ஆகாத காரியம் அந்த ஒரு பதிலால் ஆனது. எல்லாத் தகவலையும் எடைபோட்டுப் பார்க்க ஒரு தாய்க்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் தன் மகளுக்கு என்ன செய்தார் என்று கேட்பது மிகவும் அறிவார்ந்த கேள்வி என்பேன்.

குழந்தைப்பேறு பற்றிய அந்தப் பயம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது கிடையாது. பல நாடுகளில் இதே வதந்தி சுற்றியிருக்கிறது, பெண்ணுக்கு மட்டும் போடும் ஊசி என்றாலே அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஊசிக்குள் வைரஸின் பங்காக இருப்பது அதன் வெளி உறையில் உள்ள புரதம் மட்டும்தான். நெல்லின் உமி மாதிரி. உமியை விதைத்தால் முளைக்காது, ஆனால் பார்த்தால் நெல்லின் உமி என்று அடையாளம் தெரியும். அந்த அடையாளத்தைத்தான் உடல் கற்றுக்கொள்கிறது. வைரஸின் மரபணு உள்ளே இல்லாததால் ஊசியால் தொற்று உண்டாக வழியே இல்லை. சினைப்பை முன்கூட்டியே செயலிழக்கிறதா என்பதையும் நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். 11 முதல் 34 வயது வரையிலான கிட்டத்தட்ட 2 லட்சம் அமெரிக்கப் பெண்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வு, ஊசிக்கும் அதற்கும் தொடர்பு எதையும் காணவில்லை.

ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், சிலருக்கு லேசான காய்ச்சல், தலைவலி வரும். இந்த வயதுப் பெண்கள் எந்த ஊசி போட்டாலும் சிலர் மயங்கி விழுவதுண்டு. பயமும் பசியும் சேர்ந்தால் இன்னும் அதிகம். அதனால்தான் உட்காரவைத்துப் போட்டு, 15 நிமிடம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பியாவின் எல் கார்மென் டி பொலிவார் என்ற ஊர் உதாரணம். 2014இல் அங்கே நூற்றுக்கணக்கான மாணவிகள் அடுத்தடுத்து மயங்கினார்கள், கைகால் மரத்துப்போனதாகச் சொன்னார்கள். ஆய்வு செய்தவர்கள் ஊசியில் குறை எதுவும் காணவில்லை, பதற்றம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது என்றார்கள். ஆனால் அந்தக் காணொளிகள் நாடு முழுவதும் பரவியதும், உலகிலேயே நன்றாக நடந்துகொண்டிருந்த திட்டங்களில் ஒன்று சரிந்து விழுந்தது.

அடுத்து, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. "பாலுறவால வர்ற நோய்க்கு எம்பொண்ணுக்கு எதுக்கு இப்ப ஊசி?" இந்த ஊசியைப் போட்டால் மகளுக்குத் தவறான துணிச்சல் வந்துவிடுமோ என்ற அச்சம் இதன் அடியில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 11, 12 வயதுச் சிறுமிகள் 1,398 பேரை மூன்று ஆண்டுவரை பின்தொடர்ந்த ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே கர்ப்பம், பால்வினைத் தொற்று ஆகியவற்றில் வேறுபாடு தென்படவில்லை. மகளுடைய நடத்தையைத் தீர்மானிப்பவை வேறு. வீட்டுக்கு ஒரு நல்ல பதில்: இது அவள் திருமணமாகி வாழப்போகும் காலத்துக்கான காப்பு, கணவரிடமிருந்தும் இந்த வைரஸ் வரலாம்.

சில திட்டக்காரர்கள் பாலுறவு என்ற பேச்சையே எடுக்காமல், "புற்றுநோய்த் தடுப்பூசி" என்று மட்டும் சொல்கிறார்கள். புற்றுநோயை முன்னால் வைத்துப் பேசுவது சரி. ஆனால் எப்படிப் பரவுகிறது என்பதை மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே விஷயத்தை அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் படிக்கும் அப்பா, "இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்றுதான் கேட்பார். அதன்பின் நாம் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

நம்பிக்கை உடைந்தால் என்ன விலை என்பதை இந்தியாவே அனுபவித்திருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசுகள் ஆகியவை சேர்ந்து எச்பிவி தடுப்பூசிச் செயல்விளக்கத் திட்டம் ஒன்றை நடத்தின. 10 முதல் 14 வயதுவரையான சிறுமிகள் இருபதாயிரத்துக்கும் அதிகமானோருக்கு ஊசி போடப்பட்டது. கம்மத்தில் பலர் பழங்குடிக் குடும்பத்துப் பெண்கள், பத்ராசலம் பகுதியின் அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். இரு இடங்களிலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளியானது. பெண்கள் அமைப்புகள் கேள்வி எழுப்பின, 2010 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது.

விசாரணையில், பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, காய்ச்சல் என்று இறப்புக்கு வெவ்வேறு காரணங்கள் தெரியவந்தன. ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதே விசாரணையும், 2013இல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையும் வேறொன்றை வெளியே கொண்டுவந்தன. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். பல படிவங்களில் எதற்கு என்று விளக்கப்படாத கைரேகைகள். பக்கவிளைவுகளைக் கண்காணிக்க முறையான ஏற்பாடும் இல்லை.

இந்த நிகழ்ச்சியை "வதந்தியால் நின்ற நல்ல திட்டம்" என்று சிலர் சுருக்கிச் சொல்கிறார்கள். அது அந்தப் பெற்றோருக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி. பெண்ணை விடுதியில் விட்டுவிட்டுக் காட்டிலும் வயலிலும் உழைக்கும் ஒரு தகப்பனிடம் "உன் மகளுக்கு இந்த ஊசி போடப்போகிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டது தவறு. அங்கே சந்தேகம் வந்தது நியாயம். அந்த நியாயமான கோபம் நாட்டின் மற்றப் பெண்களுக்கும் இந்த ஊசியைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது என்பது வேதனை.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு விளைவும் வந்தது. அதே சமயத்தில், கம்மத்தோடு சம்பந்தமில்லாத வேறொரு ஆய்வு இந்தியாவின் ஒன்பது இடங்களில் நடந்துகொண்டிருந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கையும் அதில் ஒன்று. இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்பதுதான் கேள்வி. 2010இல் வந்த தடை இந்த ஆய்வையும் பாதியில் நிறுத்தியது. முதல் டோஸ் போட்டு அடுத்ததற்குக் காத்திருந்த சுமார் 5,000 பெண்கள் ஒரே டோஸோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2021இல் வெளியான முடிவு: 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றிலிருந்து ஒரு டோஸே 95 சதவீதப் பாதுகாப்பு தருகிறது. கென்யாவில் நடந்த ஆய்வும் இதை உறுதி செய்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இளம் வயதினருக்கு ஒரு டோஸ் போதும் என்ற வழியையும் ஏற்றது. உலகத்துக்கே ஒரு டோஸ் என்ற வாய்ப்பைத் திறந்த சான்றில் நம் அம்பிளிக்கைப் பெண்களுக்கும் பங்கு உண்டு.

பெற்றோரின் முடிவில் இது பெரிய மாற்றம் செய்யும். இரண்டாவது ஊசிக்காக ஆறு மாதம் கழித்து மறுபடியும் வேலைக்கு லீவு போட்டு வருவது என்பது கூலிக்குப் போகும் வீட்டில் சின்ன விஷயம் இல்லை.

ஜப்பான் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 ஏப்ரலில் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்தார்கள். சில சிறுமிகளுக்குத் தீராத வலி, நடுக்கம் என்று செய்திகள் வர, ஜூன் மாதமே அரசு பரிந்துரையை நிறுத்திக்கொண்டது. ஊசியைத் தடை செய்யவில்லை, கேட்டால் இலவசமாகவே போட்டார்கள். "போடுங்கள்" என்று சொல்வதை மட்டும் நிறுத்தினார்கள். அவ்வளவுதான், சுமார் 70 சதவீதமாக இருந்தது 1 சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரில் சுமார் 30,000 பெண்களிடம் 24 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டு நடத்திய ஆய்வு, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை என்று காட்டியபிறகும், பரிந்துரை திரும்ப வர 2022 ஏப்ரல் ஆனது. அரசு மௌனமானால் பெற்றோர் அந்த மௌனத்துக்கு ஒரு பொருள் கொடுத்துக்கொள்வார்கள்.

அயர்லாந்திலும் இப்படி ஒரு சரிவு வந்தது. அதைத் திருப்பியதில் லாரா பிரென்னன் என்ற இளம்பெண்ணுக்கு முக்கியப் பங்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில், தானே முன்வந்து பெற்றோரிடம் பேசினார். 2019இல் 26 வயதில் இறந்தார். அவர் பேசத் தொடங்கியபின் ஊசி போடுவோர் எண்ணிக்கை மீண்டும் ஏறியது.

சிக்கிம் 2018இல் செய்தது இதற்கெல்லாம் நேர்மாறான வரிசை. 9 முதல் 13 வயது வரையான சுமார் 25,000 சிறுமிகள், பெரும்பாலும் பள்ளி வழியாக. ஊசி வருவதற்கு முன்பே ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பெற்றோர் கூட்டங்கள், பத்திரிகையாளர்களிடம் விளக்கம், பக்கவிளைவு ஏற்பட்டால் யார் பேசுவது என்ற ஏற்பாடு, எல்லாம் முடிந்திருந்தன. வதந்தி வந்தபோது பெற்றோர் காதில் ஏற்கெனவே டீச்சரின் வார்த்தை இருந்தது. முதல் சுற்றிலேயே 97 சதவீதச் சிறுமிகளுக்குப் போட்டு முடித்தார்கள். இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடுகிறார்கள். மலேசியாவில் 2010 முதல் 13 வயது மாணவிகளுக்கு. யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ இருக்கும் ஒரு தமிழ்த் தாய்க்கு இது பள்ளி வாழ்க்கையில் வரும் வழக்கமான ஒரு நாள். வகுப்பில் எல்லாரும் போட்டுக்கொள்ளும்போது "என் மகளுக்கு மட்டும் எதற்கு?" என்ற கேள்வியே எழுவதில்லை.

இப்போது அந்த மூன்றாவது வேர், ஊசி கிடைப்பதில் உள்ள சிரமம். சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் எச்பிவி தடுப்பூசியான செர்வாவாக் சுமார் 2,000 ரூபாய் விலையில் 2023இல் தனியார் சந்தைக்கு வந்தது. ஒன்பது வகை வைரஸ்களைத் தடுக்கும் கார்டசில் 9 ஒரு டோஸ் பத்தாயிரத்தைத் தாண்டும். நிறுவனக் குறிப்புப்படி 15 வயதுக்குள் இரண்டு டோஸ், அதற்கு மேல் மூன்று. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் என்றால் கூட்டிப் பாருங்கள். பள்ளிக் கட்டணம், வாடகை, சீட்டுப் பணம் எல்லாம் போக, முப்பது வருடம் கழித்து வரக்கூடிய நோய்க்கு இதை எடுத்துவைக்க எத்தனை வீடுகளால் முடியும்? அப்படி முடியாமல் போனவர்களைத் "தயங்கும் பெற்றோர்" என்ற கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. அவர்கள் தயங்கவில்லை, கையில் காசு இல்லை. தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகள் அனைவருக்கும் இந்த ஊசியைப் போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. அரசே இலவசமாகப் போடும் ஊசி என்றால் பணச்சுமை போவதோடு, "எல்லாருக்கும் போடுற ஊசிதான்" என்ற தைரியமும் வருகிறது. அதேசமயம் "இலவசமா ஏன் தர்றாங்க, சோதனை பண்றாங்களா?" என்ற கேள்வியும் வரும். கம்மத்தை நினைத்தால் அந்தக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லக் கடமை இருக்கிறது.

வீட்டுக்குள் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதும் வீட்டுக்கு வீடு மாறும். பல வீடுகளில் கூட்டத்துக்கு வருவது அம்மா, கையெழுத்துப் போடுவது அப்பா, சந்தேகத்தைக் கிளப்புவது பாட்டியோ சித்தப்பாவோ. கூட்டத்தில் தெளிவாகப் புரிந்துகொண்ட அம்மா வீட்டுக்குப் போய்க் கணவரிடம் இதை எடுத்துச்சொல்லத் தடுமாறுகிறார். மகளின் கர்ப்பப்பை பற்றி இருவரும் பேசிப் பழக்கமில்லை. அதனால் படிவத்தோடு அப்பாவுக்கென்று அரைப்பக்கம் தமிழில் எழுதிய குறிப்பும், கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அப்பாக்களும் வருவார்கள். "பையனுக்கும் போடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். போடலாம், செர்வாவாக் ஆண்பிள்ளைகளுக்கும் அனுமதிக்கப்பட்டதுதான். அரசுத் திட்டங்கள் நோய்ச்சுமை பெண்களுக்கு அதிகம் என்பதால் அவர்களிடமிருந்து தொடங்குகின்றன.

மகளிடம் யாராவது கேட்கிறார்களா? 13 வயதுப் பெண்ணுக்கு இது எதற்கு என்று புரியும். அவளிடம் சொன்னால் அவளே வீட்டில் போய்ப் பேசுவாள். ஊசிக்குப் பயந்து மயங்குவதும் குறையும்.

இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் அதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று, படிவத்தைக் கையில் வைத்திருக்கும் அம்மாவைப் பற்றியது. ஊசி அவருடைய மகளுக்கு. அவருக்குத் தேவை பரிசோதனை. கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற கரைசலைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று கண்ணால் பார்க்கும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் கிராமங்களில் நடந்து 2007இல் வெளியான பெரிய ஆய்வில், இந்த ஒரு சோதனையால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. ஆனாலும் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 30 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் இந்தப் புற்றுநோய்க்காகப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஊசி போட்ட மகளும் வயது வந்தபின் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை இலவசமாகச் செய்கிறார்கள். மகளின் ஊசிக்காகப் போகும் நாளிலேயே அம்மாவும் கேட்டுச் செய்துகொள்ளலாம்.